மாட்டுத் திருடன் வராத காலை

விரத்னோ நாலரைக்கு எழுந்தான். அடுப்பு மூட்டித் தண்ணீர் வைத்தான். தொழுதான். நேற்றைய சோற்றில் ஒரு முட்டையை உடைத்துக் கிளறி இரண்டு தட்டுகளில் வைத்தான். ஒன்றை மாமியாருக்கு மூடி வைத்தான். மற்றதில் பாதி சாப்பிட்டான். மீதியைக் கோழிகளுக்குப் போட்டான். மாட்டுக்குப் புல் போட்டு, சாணி அள்ளினான். அளவு டேப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மழையில் மேட்டுக்கு ஏறினான்.

எட்டு மாதமாக இப்படித்தான். மனைவி சுலாசி இருந்தபோதும் ஏறக்குறைய இப்படித்தான். சாணி மட்டும் அவள் அள்ளுவாள்.

ஊருக்கு மேலே, சலாக் பழத் தோப்பு முடிகிற இடத்தில் நிலத்தில் ஒரு விரிசல் இருந்தது. அதன் இரு பக்கமும் அவனே இரண்டு மூங்கில் முளைகளை அடித்து வைத்திருந்தான். கல்லூரியில் மண்ணைப் பற்றிப் படித்தவன் ஊரில் அவன் ஒருவன்தான். முளைக்கு முளை சென்டிமீட்டரில் அளந்தான். முப்பத்தெட்டு. நோட்டில் எழுதினான். நேற்றும் முப்பத்தெட்டு. போன ஜனவரியிலிருந்தே முப்பத்தெட்டுதான்.

நான்கு நாளாக மழை விடவில்லை. அப்படியும் முப்பத்தெட்டு. நல்லது என்று நினைத்துக்கொண்டு இறங்கினான்.

வீட்டில் மாமியார் வாகினி கிணற்றடியில் வாளியை எட்டிப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"தம்பி, கிணத்துத் தண்ணி காப்பி மாதிரி வருது. சர்க்கரை போட்டாக் குடிச்சிடலாம்."

"மழைத் தண்ணி எறங்கியிருக்கும், அம்மா."

"இத்தனை வருஷம் மழையே பேயலையா?"

அவன் வாளித் தண்ணீரைக் கீழே கொட்டினான். மகள் இறந்த பிறகும் வாகினி அவனோடுதான் இருந்தாள். வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்வாள்: "எம் பொண்ணு கலிமா சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா." ஏழாம் நாள் ஓதலின்போது அவள் கேட்டாள், விரத்னோ ஆமாம் என்றான். அது பொய். காய்கறி வண்டியின் பின்னால், டெங்குக் காய்ச்சலில், ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியில் சுலாசி கடைசியாகச் சொன்னது வேறு. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியாக அது இல்லை.

அப்போதுதான் கீழ் வீதியில் சத்தம் கேட்டது. தார்சோனோவும் காஸ்மினும். சரிவில் மேலே காஸ்மின் வீடு, அதற்குக் கீழே தார்சோனோ வீடு. கராங்செமி என்ற அந்த ஊரில் யாரும் வேலி போடுவதில்லை. சிவப்பு இலை அந்தோங் செடியை வரிசையாக நட்டால் அதுதான் எல்லை. கிராம அலுவலகப் பதிவேட்டிலும் அந்த வரிசைதான் கோடு. இரண்டு வீட்டு முன்னோரும் சேர்ந்து கயிறு பிடித்து நட்ட வரிசை அது.

"ரெண்டு சாண் எம் பக்கம் வந்திருக்குய்யா!" தார்சோனோ குடையை மடக்கி அதாலேயே காட்டினார். "செடி தானா நடந்து வந்துச்சா?"

"கால் மொளைச்சிருக்கும். என்னை ஏன் கேக்கறே, அதைக் கேளு."

"ராத்திரியில பிடுங்கி நட்டுட்டு, காலைல நக்கலா பேசறியா?"

"இந்த மழையில நான் செடி பிடுங்க வர்றேனா? எம் பொண்டாட்டி என்னைக் கக்கூஸுக்கே வெளிய விட மாட்டேங்கறா."

கூட்டம் சிரித்தது. தார்சோனோ சிரிக்கவில்லை. "வாப்பா பட்டதாரி. நீ டேப்பு வச்சிருக்கே. அளந்து சொல்லு. இவன் திருடனா இல்லையா?"

விரத்னோ குனிந்தான். வரிசையின் மேற்குப் பாதி நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. நடுவில் ஓரிடத்தில் முறிந்து, கிழக்குப் பாதி முழுவதும் இரண்டு சாண் கீழே இறங்கி, அங்கிருந்து மறுபடி நேராக ஓடியது. தண்டைப் பிடித்து அசைத்தான். அசையவில்லை. அடியில் பழைய பாசி அப்படியே இருந்தது. மணிக்கட்டுப் பருமன் உள்ள வேர்கள். எந்த மண்வெட்டியும் அங்கே பட்டிருக்கவில்லை.

வரிசை முறிந்த இடத்தில் புல்லை விலக்கினான். விரல் நுழையும் அளவு ஒரு கோடு. அது மேலே காஸ்மினின் தோட்டத்துக்குள் போயிற்று. கீழே தார்சோனோவின் சமையலறைச் சுவருக்குப் போயிற்று.

"பாக் தார்சோனோ," என்று பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு கேட்டான். "உங்க சமையல்கட்டுக் கதவு சாத்துதா?"

"நேத்துலேர்ந்து சாத்த மாட்டேங்குது. மழைக்கு மரம் ஊதிடுச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன?"

விரத்னோ நிமிர்ந்தான். தோப்பைப் பார்த்தான். அவனுடைய இரண்டு முளைகளும் கோட்டுக்குக் கிழக்கேதான் இருந்தன. இரண்டும் ஒரே துண்டு நிலத்தில். அந்தத் துண்டு மொத்தமாக இறங்கிக்கொண்டிருந்தது. முளைகளும் கூடவே இறங்கின. இடைவெளி எப்படி மாறும்? நகர்கிற வண்டிக்குள் உட்கார்ந்து இரண்டு இருக்கைக்கு நடுவே அளந்துகொண்டிருந்திருக்கிறான்.

"யாரும் பிடுங்கலே," என்றான். "நெலம் எறங்குது. செடியோட சேத்து. எல்லாரும் கீழ போகணும். இப்பவே."

காஸ்மின் கையைத் தட்டினார்.

"வந்துட்டாருய்யா! போன வருஷமும் இதைத்தான் சொன்னே. கொட்டுமரத்துல நாலு அடிச்சே. மூணு நாள் பள்ளிக்கூடத் தரையில படுத்தோம். மலை நின்ன எடத்துலயே நின்னுச்சு."

"எந் தண்ணி மோட்டாருதான் நிக்கலே," என்றார் தார்சோனோ. அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி. "ஆளில்லாத வீடுன்னு எவனோ தூக்கிட்டுப் போனான். இன்னொரு தடவை வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போக நான் கிறுக்கனில்லே."

"இப்ப முறிவு தெளிவா தெரியுது, பாக்."

"தெரியட்டும். மழை விட்டதும் அளந்து செடியைப் பழைய எடத்துல நடு. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

விரத்னோ திரும்பி நடந்தான். பிறகு ஓடினான்.

காவல் கொட்டகையில் பலாக்கட்டையைக் குடைந்து செய்த கொட்டுமரம் தொங்கியது. இரண்டு அடித்தால் வீட்டில் திருடன். மூன்று, தீ. நான்கு, மலை அல்லது வெள்ளம். ஐந்து, மாட்டுத் திருட்டு. பேச்சு வராத பிள்ளைக்கும் இது தெரியும்.

கோலை எடுத்தான். கை நான்குக்குத்தான் போயிற்று.

நான்கு அடித்தால் என்ன நடக்கும்? சன்னல் திறக்கும். பட்டதாரிக்கு வேலை இல்லை என்பார்கள். சன்னல் மூடும். போன வருஷம் நம்பி இறங்கியவர்களிலேயே பாதிப் பேர் அன்றைக்கே இருட்டுவதற்குள் ஒவ்வொருவராக மேலே ஏறிவிட்டார்கள். கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். மாடு தனியாக இருக்கிறது.

ஐந்துக்கு வேறு கட்டளை. முன்பு இரண்டு முறை திருடர்கள் லாரியில் மாடுகளை ஏற்றிக்கொண்டு போன பிறகு ஊர் கூடிப் போட்டது. ஐந்து கேட்டால் ஒவ்வொரு வீட்டாரும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, குழந்தை குட்டியோடு ஓடைப் பாலத்தைத் தாண்டி அக்கரைத் திடலுக்கு வர வேண்டும். வெளியே போக அந்த ஒரு வழிதான். பாலத்தை மறித்து நின்று மாடுகளை எண்ண வேண்டும். வராத வீட்டின் மேல்தான் முதல் சந்தேகம் விழும்.

இன்னொன்றும் உண்டு. பொய்யாக ஐந்து அடித்தவனின் சொந்த மாட்டை ஊரார் அறுத்துச் சாப்பிடலாம்.

அவனிடம் ஒரே மாடுதான் இருந்தது. சுலாசி கன்றாக வாங்கி வளர்த்தது. அதைத் "தடிச்சி" என்றும் புருஷனை "மாஸ்" என்றும் கூப்பிடுவாள்.

ஐந்து அடித்தான். நிறுத்தி, மறுபடி ஐந்து.

முதலில் ஒரு கதவு. பிறகு எல்லாக் கதவுகளும். "எவன்டா அவன்!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். அரிவாள்கள் வந்தன, தடிகள் வந்தன, ஒரு பெண் உலக்கையோடு வந்தாள். மாடுகள் கத்திக்கொண்டு சகதியில் சறுக்கின. தலையில் சோப்பு நுரையோடு ஒருவர் ஓடினார். காஸ்மினும் தார்சோனோவும் இரண்டு கிழட்டு மாடுகளை இழுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்தபடி அவனைக் கடந்தார்கள். நடக்க முடியாத கார்த்தோ கிழவரை மகன் முதுகில் சுமந்து வந்தான். "வேகமா போடா! நான் வர்றதுக்குள்ள அவனை அடிச்சு முடிச்சிடுவாங்கடா!" என்று கிழவர் மகனின் தலையில் தட்டினார்.

விரத்னோ அடித்துக்கொண்டே இருந்தான். ஊரின் கடைசி வீடு பூட்டப்படுவதைப் பார்த்த பிறகுதான் கோலைக் கீழே போட்டான். வீட்டுக்கு ஓடினான். வாகினியும் இல்லை, தடிச்சியும் இல்லை. வெறும் முளைக்குச்சி மட்டும் இருந்தது. அவன் சிரித்துவிட்டான். எட்டு மாதத்தில் முதல் முறை. தன் சத்தம் தனக்கே விநோதமாக இருந்தது.

திடலில் ஊர்த்தலைவர் முஜியோனோ குடையால் சுட்டிச் சுட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு, நாப்பத்தேழு." நிறுத்தினார். "நாப்பத்தேழும் இருக்கு. எவன் மாடுய்யா போச்சு?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"யாரு அடிச்சது?"

"நான்தான்," என்றான் விரத்னோ. "ஆளுங்களையும் எண்ணுங்க, பாக்."

"மாடு போகலேன்னா எதுக்குய்யா அடிச்சே?"

"முதல்ல ஆளுங்களை எண்ணுங்க."

அவன் முகத்தில் எதைப் பார்த்தாரோ, முஜியோனோ எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு. கைக்குழந்தை மூன்றையும் சேர்த்து. ஒரு தலை குறையவில்லை.

"நாலு அடிச்சா வர மாட்டீங்க. அதனால அஞ்சு அடிச்சேன்."

கூட்டம் கொதித்தது. "நடிச்சிருக்கான்யா!" "எங்கம்மாவை ஓட வச்சிட்டான்!" கார்த்தோ கிழவருக்குத்தான் ஏமாற்றம் அதிகம். அடிக்க ஆளில்லை. காஸ்மின் அவன் சட்டையைப் பிடித்தார். "படிச்ச திமிரா? ஊரைக் கூப்பிட்டு வெளையாடறியா? இன்னைக்கு ஒம் மாடுதான்டா எங்களுக்குச் சாப்பாடு!"

"சாப்பிடுங்க. ஆனா இங்கேயே நின்னு சாப்பிடுங்க. பாலத்தைத் தாண்டிப் போகாதீங்க."

"நான் போறேன்," என்றார் தார்சோனோ. "எங் கதவு வேற சாத்தலே." பாலத்தில் ஒரு காலை வைத்தார்.

அப்போது மேட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் மரங்கள் முறியும் சத்தம், வரிசையாக, யாரோ மேலே பட்டாசு கொளுத்தியதுபோல. சலாக் தோப்பு நின்றபடியே கீழே வந்தது. பிறகு நிற்க முடியாமல் கவிழ்ந்தது. மண் காஸ்மினின் வீட்டை எடுத்தது, தார்சோனோவின் வீட்டை எடுத்தது, அந்தோங் வரிசையை எடுத்தது. இன்னும் ஏழு வீடுகள். ஓடைக்குச் சற்று முன்னால் வந்து படுத்துக்கொண்டது. காவல் கொட்டகை ஓரத்தில் அப்படியே நின்றது. கொட்டுமரம் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

காஸ்மினின் கை இன்னும் விரத்னோவின் சட்டையில் இருந்தது. பிடி மட்டும் மாறியிருந்தது. விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

தார்சோனோ பாலத்திலிருந்து காலை எடுத்தார். திரும்பி வந்து காஸ்மினின் பக்கத்தில் நின்றார்.

"எல்லை எங்கேய்யா இப்ப?"

"நீயே சொல்லு. ரெண்டு சாண் என்ன, எட்டு சாண்கூட எடுத்துக்கோ."

யாரோ சிரித்தார்கள். அது அழுகையாகி மறுபடி சிரிப்பாயிற்று. முஜியோனோ திரும்பவும் எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு. நம்பாமல் மூன்றாம் முறை எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு! இந்த முறை எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டு எண்ணினார்கள். ஒவ்வொரு தலைக்கும் ஒரு கூச்சல். கடைசித் தலை விரத்னோ. அந்தக் கூச்சலில் மாடுகள் மிரண்டன. கார்த்தோ கிழவர் மகனின் முதுகில் இருந்தபடியே குனிந்து விரத்னோவின் நெற்றியில் முத்தம் வைத்தார். அடிக்கக் கொண்டுவந்த தடியை அவன் கையில் கொடுத்துவிட்டார்.

மதியத்துக்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் அண்டா அண்டாவாகச் சோறும் தெம்பே என்கிற பொரித்த சோயாத் துண்டுகளும் கொண்டுவந்தார்கள். மழை விட்டிருந்தது. காஸ்மின் வாய் நிறையச் சோற்றோடு சொன்னார்:

"என்ன இருந்தாலும் சட்டம் சட்டம்தான், தலைவரே. பொய்யா அஞ்சு அடிச்சான். மாட்டை அறுக்கணும்."

"தொட்டுப் பாரு," என்றாள் வாகினி. தடிச்சியின் கயிறு காலையிலிருந்து அவள் கையை விட்டு இறங்கவில்லை. "மொதல்ல என்னை அறு."

"உங்களை அறுத்தாக் கறி எங்கே இருக்கு, அம்மா?"

திடலே சிரித்தது. முஜியோனோ எழுந்து தீர்ப்புச் சொன்னார்: ஐந்து அடித்தது பொய்யில்லை. அடிக்காமல் இருந்திருந்தால் நாற்பத்தேழு மாடும் போயிருக்கும். திருடன் யார் என்பது மட்டும்தான் மாறிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு வாகினி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாடு இருவருக்கும் நடுவில் அசை போட்டது.

"ஏன் தம்பி, அஞ்சு அடிக்கணும்னு ஒனக்கு எப்படித் தோணுச்சு? படிப்புலயா சொல்லிக் கொடுத்தாங்க?"

"இல்லேம்மா. சுலாசி சொன்னது."

அவள் அவனைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அவ கலிமா சொல்லலே. வண்டி பாலத்தைத் தாண்டுச்சு. உடம்பு நெருப்பாக் கொதிச்சுது. எங் கையைப் பிடிச்சா. மனசுல எது இருந்துச்சோ அதைத்தான் சொன்னா. அப்ப எனக்கு வருத்தமா இருந்துச்சு. இன்னைக்குக் கோலைக் கையில எடுத்தப்பதான் அது காதுல கேட்டுச்சு."

வாகினி கண்ணைத் துடைக்கவில்லை. கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "என்ன சொன்னா? சொன்னபடியே சொல்லு."

அவன் சொன்னபடியே சொன்னான்.

"நாம எல்லாரும் வந்துட்டோம் மாஸ், மாடு கட்டினபடியே கெடக்கு. போய் அவுத்துட்டு வாங்க."