ஸ்டீல் மேஜைப் பாடம்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைப் 'பாடக்காரி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசி போடத் தெரியாது, காய்ச்சல் பார்க்கத் தெரியாது; ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் தயாரிப்பதுதான் அவள் வேலை. அந்த மாதம் அவள் தயாரித்த பாடத்தைச் சூப்பரிண்டெண்ட் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஆடமாட்டாரா பின்னே? பழைய பாடம் இரண்டு மணி நேரம் இழுக்கும், பாதிப் பேர் பெயில். இதில் ஆளுக்குப் பதினாலு நிமிஷம், எழுதிய முப்பத்தெட்டுப் பேரும் பாஸ்.

விஷயம் இதுதான். ஆபரேஷன் கருவிகளைத் துணியில் கட்டி, கிருமி சாக நீராவி மெஷினில் வைத்து எடுப்பார்கள். வெளியே வந்த கட்டு ஆபரேஷனுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்த்ததும் சொல்லத் தெரிய வேண்டும். சூடு ஏறியதற்கு அடையாளமாக மேலே ஒட்டிய டேப்பில் கோடு கறுத்திருக்க வேண்டும், துணி கிழிந்திருக்கக் கூடாது, பொட்டு ஈரம் இருக்கக் கூடாது; ஈரத்தின் வழியே கிருமி திரும்ப உள்ளே போய்விடும். பாடம் ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேட்கும். தப்பாகச் சொன்னால் அதே மாதிரி இன்னும் நாலு படம் வரும். தொடர்ந்து சரியாகச் சொன்னால், 'இவருக்குப் புரிந்துவிட்டது' என்று தானே முடித்துக்கொள்ளும்.

பாஸானவர்களில் அவளுடைய நாத்தனாரும் ஒருத்தி. ஏழு வருஷமாக ஆஸ்பத்திரி சலவை அறையில் ஈரப் போர்வை தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. கருவி அறைக்கு மாறினால் உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் மூன்றே வாய்ப்புதான்; பழைய பாடத்தில் இரண்டு தடவை பெயில். இது மூன்றாவது. திங்கட்கிழமை கருவி அறையில் சேர வேண்டும்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம், பாடக்காரியைக் கூட்டிப்போக அவள் புருஷன் வந்தான். பஸ் டிரைவர். அவள் ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கப் போன நேரத்தில், சும்மா இருக்க மாட்டாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டான். திரும்பி வந்து பார்த்தால் திரையில் 'பாஸ்'. ஒன்பது நிமிஷம்!

"நீங்களா பண்ணீங்க?"

"நான்தான். நாளைக்கே ஆபரேஷன் இருந்தா சொல்லு, கத்தியை நானே எடுத்துத் தர்றேன்."

"விளையாடாதீங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"இதென்னடி பெரிய வித்தை? ஸ்டீல் மேஜை மேல இருந்தா ஆகும், மர மேஜை மேல இருந்தா ஆகாது. ரெண்டு தடவை தப்பாச்சு, அப்புறம் பிடிச்சுக்கிட்டேன்."

அவள் படங்களைத் திறந்து பார்த்தாள், அவன் சொன்னது சரிதான். நல்ல கட்டுகளைக் கருவி அறையின் ஸ்டீல் மேஜையிலேயே படம் எடுத்திருந்தாள். கெட்டுப்போன கட்டை அந்த மேஜையில் வைக்கவே விடமாட்டார்கள். அது அந்த அறையின் சட்டம். அதனால் அதையெல்லாம் ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோய் அங்கிருந்த மர மேஜையில் வைத்து எடுத்தாள். சட்டத்தை மதித்த பாவத்துக்கு, முப்பத்தெட்டுப் பேருக்கு மேஜை பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். கம்ப்யூட்டரும் அவர்களை மகா புத்திசாலிகள் என்று நம்பிச் சீக்கிரம் அனுப்பிவிட்டது.

மறுநாள் காலையில் நாத்தனாரைப் பயிற்சி அறைக்குக் கூப்பிட்டாள். ஸ்டீல் டிராலியில் நாலு கட்டு வைத்திருந்தாள். ஒன்றின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"இதுல எது ஆகாதுன்னு சொல்லு."

நாத்தனார் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எல்லாமே ஆகும் அண்ணி."

பாடக்காரி அந்த ஈரக் கட்டைத் தனியே எடுத்து வைத்தாள். பேசாமல் இருந்துவிட்டால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது, தோன்றியதை மறைப்பானேன். மற்றவர்களை மட்டும் திரும்ப எழுதச் சொல்லலாம். வீட்டுப் பெண்ணாயிற்றே. அப்புறம் அந்த ஈரக் கட்டைப் பிரித்து எவனோ ஒருவன் வயிற்றுக்குள் கத்தி வைப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. நேரே சூப்பரிண்டெண்டிடம் போனாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையேம்மா. நீயா ஏன் கிளப்புறே?" என்றார் அவர்.

"என் வீட்டுக்காரர் பாஸாயிட்டார் சார். பஸ் ஓட்டுறவர்."

முப்பத்தெட்டு பாஸும் ரத்தாயிற்று. அந்த வாய்ப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மட்டும் சண்டை போட்டு எழுதி வாங்கினாள். நாத்தனாருக்கு அதெல்லாம் காதில் ஏறினால்தானே? "கைக்கு வந்ததைத் தட்டிவிட்டுட்டீங்களே அண்ணி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூன்று வாரம்!

அந்த மூன்று வாரமும் பாடக்காரி படங்களைத் திரும்ப எடுத்தாள். ஒரே டிராலி, ஒரே துணி, ஒரே வெளிச்சம். இரண்டு இரண்டாகக் கட்டுகள். ஜோடிக்குள் ஒரே ஒரு வித்தியாசம், அதுவும் கட்டில்தான் இருக்கும். அப்புறம் ஜோடிக்கு ஜோடி பெரிசு, சிறிசு, பச்சைத் துணி, வெள்ளைத் துணி என்று எல்லாவற்றையும் கலந்துவிட்டாள். புருஷனை உட்கார வைத்தாள். அவன் ஒரு மணி நேரம் திணறிவிட்டு, "எனக்கு பஸ்ஸே போதும்டி" என்று எழுந்தான். அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

நாத்தனார் வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தாள். முதலில் ஈரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். பாடம் விடவில்லை, ஈரக் கட்டும் காய்ந்த கட்டுமாக ஜோடி ஜோடியாகக் கொண்டுவந்து நிறுத்தியது. சலவை ஷிப்ட் முடிந்து நாலு நாள் வந்தாள். நாலாம் நாள் நூற்றுப் பன்னிரண்டாவது படத்தில் 'பாஸ்' என்று வந்தது.

அவள் துள்ளவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

"அண்ணி, முன்னால பாஸானப்போ, எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எனக்குத் தெரியும். நீங்கதான் என்னைப் பாவம்னு பார்த்து கம்ப்யூட்டருக்குள்ள ஏதோ பண்ணித் தள்ளிவிட்டீங்கன்னு நெனச்சேன். எங்க மாட்டிக்குவோமோன்னு பயந்து செத்துக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன்டி என்கூடப் பேசல?"

"வேலை போச்சேன்னு கோபம். அதைவிட, அப்பாடான்னு இருந்துச்சு பாருங்க, அதை எந்த மூஞ்சியோட சொல்றது?"