கழுத்து வலிக்காத வேலை

ஆகஸ்ட் ஒன்பது, சனி. நேற்றைய குறிப்பில் ஒரு சிறு தவறு. அரங்கத்தில் சிரித்தவர்கள் நாற்காலியிலிருந்து ஒரு சாண் உயர்ந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றரைச் சாண் என்பதே சரி. முன்வரிசைத் தையல்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து ஒரு சாணிலேயே நின்றுவிட்டார். அவரை வைத்து அளந்ததால் வந்த பிழை.

மேடையில் பேசியவளை எல்லோரும் கணக்கக்கா என்பார்கள். பகலில் பல்கலைக்கழகத்தில் எண்களைப் பற்றி ஆராய்ச்சி, மாலையில் நகைச்சுவை மேடை. அவள் பேச்சுக்கு ஜனம் நாற்காலியை விட்டு எழும்புவது இரண்டாம் வருஷமே பழகிப்போயிற்று. அரங்க முதலாளி நாற்காலிகளுக்குத் தளர்வாக இடுப்பு வார் தைத்துப் போட்டு, டிக்கெட் விலையைக் கொஞ்சம் ஏற்றினார். அவள் மட்டும் நேற்றுக்கு முன் மேடையில் ஒரு விரற்கடையும் உயர்ந்ததில்லை.

அவள் உயர்வது வீட்டில். நிரூபணத்தில் ஒரு வரி பிடிபட்டால் போதும், சமையலறை மேசையிலிருந்து மெல்லக் கிளம்பிவிடுவாள். தம்பி கணுக்காலைப் பிடித்து இழுப்பான். "இறங்குக்கா, சாப்பாடு ஆறுது." "இருடா, ஒரே ஒரு வரி" என்று மேலிருந்து பதில் வரும்.

போன வாரம் முதலாளி ஒரு வருஷச் சுற்றுப்பயண ஒப்பந்தத்தை நீட்டினார். போனால் ஆராய்ச்சி இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். "மேடையிலேயே கணக்கையும் யோசி, ரெண்டும் நடக்கும்" என்றார் முதலாளி. நேற்று அவள் அப்படியே செய்து பார்த்தாள். பாதி நகைச்சுவையில் ஒரு வரி தோன்றி, பாதம் தரையை விட்டது. உடனே கைதட்டல் எழுந்தது. யோசனை அறுந்து தொப்பென்று விழுந்தாள். அதையும் நடிப்பென்று எண்ணித்தான் ஜனம் ஒன்றரைச் சாணுக்குப் போனது.

ஒப்பனை அறையில் முதலாளி கேட்டார்: "ஊரையே தூக்குறியேம்மா, உனக்கு என்ன குறை?"

"எல்லாரும் மேல போறாங்க சார். நான் கீழ நின்னு அண்ணாந்து பார்க்கிறேன். கழுத்து வலிக்குது."

"தைலம் வாங்கித் தரவா?"

அவள் சிரித்தாள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

இன்று மதியம் முதலாளியே ஒரு நாற்காலியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார், வாரோடு. "இனிமே ஜனம் உட்கார்ந்த இடத்துலயே சிரிக்கணும், பாவம். நீயாவது பத்திரமா இரு" என்றவர் காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். சாயங்காலம் அவள் வாரைக் கட்டிக்கொண்டு சமையலறை மேசையில் எழுத உட்கார்ந்தாள். வெகுநாள் வழுக்கிய வரி பிடிபட்டது. அரங்கத்தில் ஜனத்தைப் பிடித்து நிறுத்தியது நாற்காலிகளைத் தரையோடு பூட்டிய திருகுகள்தான் என்பது முதலாளிக்கும் நினைவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை. நாற்காலியும் சேர்ந்தே கிளம்பிற்று.

நாளை: காலையில் முதல் வேலையாகத் தம்பி சமையலறை மின்விசிறியைக் கழற்ற வேண்டும்.