மச்சானின் இரும்புக் கதவு

அக்கா வீட்டில் எந்தக் கதவு நிலையில் இறுகிப் பிடித்தாலும் மச்சான் மரம் சீவும் இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். தச்சு வேலையில் அவர் கை சுத்தம், அதை நான் மறுக்க மாட்டேன். மழைக்காலத்துக்கென்று அவர் இழைத்த வாசல் கதவு, மழையில் கச்சிதமாக மூடும். வெயில் வந்தால் அதன் சந்து வழியே பூனை போய்வரும்.

"மரம்னா மழைக்கு ஊதத்தான் செய்யும் மாப்ளே. நீ கல்லைப் படிச்சவன், மரத்தை எங்கிட்ட விட்டுடு."

ஊதுவது மரமில்லை, தரை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நிலத்தைத் துளைபோட்டுப் பாறை எடுத்துப் பார்ப்பது என் பிழைப்பு. அக்கா வீடு நிற்கும் மலைச்சரிவு முழுக்க அடியில் கிடப்பது கிரிட்டேசியஸ் காலத்துக் கடலின் சேறு. டைனோசர்கள் திரிந்த காலம். எரிமலைச் சாம்பல் அந்தச் சேற்றில் விழுந்து, படிந்து, அழுந்தி, ஷேல் என்கிற களிப்பாறையாகிவிட்டது. காய்ந்திருந்தால் கடப்பாறைக்கே மசியாது. தண்ணீர் பட்டால் உப்பும். மேலே வீடு இருக்கிறதே என்று பார்க்காது, தூக்கிவிடும்.

வீடு கட்டும்போது கடப்பாறை 'ணங்' என்றதும் மச்சானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதற்குமேல் என்ன பலம் வேண்டும் என்று அஸ்திவாரத்தை ஆழம் போகாமல் மேலாகவே நிறுத்திவிட்டார். அப்போது நான் வெளியூரில் இருந்தேன். வந்து பார்த்தபோது கூரை ஏறிவிட்டது.

ஒருநாள் பொறுக்க முடியாமல், அவர் கொல்லையிலிருந்தே ஒரு துண்டைப் பெயர்த்து வந்து தண்ணீர் டம்ளரில் போட்டேன். அதில் சுருண்ட சிப்பி ஒன்றின் அச்சுகூட இருந்தது. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் கல், சிப்பி எல்லாம் உதிர்ந்து சேறாகிவிட்டன. அக்காவுக்கு முகம் வெளிறிப்போனது. மச்சான் டம்ளரை ஆட்டிப் பார்த்தார்.

"இது சின்னத் துண்டு, அதான் நமுத்துப்போச்சு. வீட்டுக்கடியில இருக்கறது பெரிய பாறைடா!"

இவரோடு முட்டிக்கொள்வதற்குச் சுவரிலேயே முட்டிக்கொள்ளலாம். சுவராவது விரிசல் விட்டு ஒத்துக்கொண்டது.

போன மாதம் வாசலுக்கு இரும்புக் கதவு போட்டார். எல்லாம் என் வாயை அடைக்கத்தான். இந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. நேற்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"இரும்புக் கதவும் பிடிச்சுக்கிச்சுடா. கொஞ்சம் வாயேன்."

பின்வாசல் வழியாகப் போனேன். மச்சான் அந்தக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். நிலைக்கு மேலே விரிசல் கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

"இரும்பு ஊதாதே மாப்ளே" என்றார்.

இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினேன்? ஜெயித்த சந்தோஷம் துளிகூட வரவில்லை.

"அந்தப் பாறை எவ்வளவு ஆழம் இருக்கும்?"

பக்கத்துச் சரிவில் நாங்களே துளை போட்டிருக்கிறோம். இருநூறு மீட்டர் தாண்டியும் அது முடிந்தபாடில்லை.

"கொஞ்சம் ஆழம்தான் மச்சான்."

"அப்ப தோண்டி எடுத்துடலாம்."

மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனவர், கொட்டுகிற மழையில் சுவர் ஓரமாகவே வெட்ட ஆரம்பித்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"வேணாம் மச்சான்! குழியில தண்ணி தேங்கினா இன்னும்தான் ஊதும்!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் என்னதான் பண்ணட்டும்? நீ படிச்சவன், சொல்லு. நீ சொல்றபடியே செய்யறேன்."

எனக்கு நினைவு தெரிந்து அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அக்கா பின்வாசலில் குடையோடு நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் வீடு கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. வீடு ஏன் உடைகிறது என்று விடிய விடியப் பேசுவேன். உடையாமல் காப்பாற்ற எனக்குத் தெரியாது.

அக்காவிடமிருந்து குடையை வாங்கினேன். மச்சான் நனைந்துகொண்டே நிற்க, அதைக் குழிக்கு மேலே பிடித்தேன்.