பூசி மறைத்த தூண்

ஓவர்சியருக்கு அலுவலகத்தில் 'சுண்ணாம்பு' என்று பட்டப்பெயர். மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் முந்தின நாளே வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிடுவார். குப்பைமேட்டைச் சுற்றிக்கூட பிளீச்சிங் பவுடரால் கோடு போட்ட மனுஷன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அந்தப் பழக்கம்தான் கடைசியில் குடியைக் கெடுத்தது.

வெள்ளம் வடிந்தபோது வாய்க்கால் பாலத்தின் நடுத்தூணில் கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. பஸ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அதன்மேல் ஊர்ந்தது. வெள்ள நிவாரண நிதிப் பட்டியலில் ஏறினால் புதுப் பாலம் வரும். சேதத்தைப் பார்க்க ஆய்வுக் குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. ஓவர்சியரின் அக்கா அக்கரையில் இருக்கிறாள். அவள் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குப் போக அந்த பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை.

"தம்பி, எப்படியாவது இந்தப் பாலத்தைப் பட்டியல்ல ஏத்திடுப்பா" என்று போனில் கெஞ்சினாள்.

"நான் இருக்கேன்ல, நீ ஏன் கவலைப்படறே?" என்றார் இவர், பெரிய மனுஷன் மாதிரி.

நாளைக்குக் குழு வருகிறது என்றதும் என்ன செய்தார் தெரியுமா? ஆள் கூட்டிவந்து விரிசலை சிமென்ட் வைத்து அடைத்தார். தூணுக்கு வெள்ளையடித்தார். கைப்பிடிச் சுவருக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை தீட்டினார். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த அம்மாள் காரிலிருந்து இறங்கி, பேனாவால் தூணைத் தட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு வெள்ளத்துக்கு அப்புறமும் நல்லா இருக்கே! யாருங்க இதைப் பராமரிக்கிறது?"

கூட நின்ற அலுவலக இன்ஜினியர் பல்லெல்லாம் தெரிய இவரைக் கைகாட்டினார். அவருக்கும் விரிசல் தெரியும். அவர் வாயிலும் கொழுக்கட்டை.

அப்போதுதான் ஓவர்சியருக்குச் சுருக்கென்றது. உள்ளே விரிசல் இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் இத்தனை வருஷமும் திட்டு மட்டுமே வாங்கிய மனுஷனுக்கு அந்த ஒரு பாராட்டில் உச்சி குளிர்ந்துவிட்டது.

"நான்தாங்க மேடம்" என்றார்.

பழக்கதோஷத்தில் பூசியதையாவது மன்னிக்கலாம். இதை எப்படி மன்னிப்பது?

பட்டியல் வந்தது; பாலம் அதில் இல்லை. 'நல்ல நிலையில் உள்ளது' என்று படத்தோடு அறிக்கை போயிருந்தது. அடுத்த மழையில் பூச்சு உதிர்ந்து, விரிசல் முன்னைவிட அகலமாக வாயைப் பிளந்தது. வண்டிகள் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. பாலத்தின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்து, அறிவிப்புப் பலகையை ஆணியடித்து மாட்டியதும் இவர்தான்.

மாட்டிவிட்டு இறங்கும்போது அக்கா எதிரே வந்தாள். தோளில் ஆஸ்பத்திரிப் பை. பின்னால் பாதிப் பாலத்தில், மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அந்த அதிகாரிங்களுக்குக் கண்ணு எங்கே போச்சு? நீயும் எவ்வளவோ சொல்லிப் பாத்திருப்பே, பாவம்."

கூனிக் குறுகிப்போனார் ஓவர்சியர். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவங்க மேல தப்பில்லக்கா. நான்தான் பூசி மறைச்சேன். பாலம் நல்லா இருக்குன்னாங்க, நான் வாயை மூடிக்கிட்டுப் பாராட்டை வாங்கிக்கிட்டேன்."

அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அதற்குள் மாமா மெல்ல வந்து சேர்ந்தார்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் அக்கா, தம்பியின் முகத்தைப் பார்க்காமல். "தம்பி ரொம்ப முயற்சி பண்ணிச்சாம். நடக்கலையாம்."

மாமா இவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "எங்களால உனக்கு எவ்வளவு அலைச்சல், மாப்ளே."

இவர் பையையாவது தூக்கி வரலாம் என்று கையை நீட்டினார். அக்கா தரவில்லை.