இரண்டு கிளாவர்

அத்தான் யோசிக்க ஆரம்பித்து ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எதிரே கண்ணாடிக்கடைக்காரர் அவர் வைக்கப்போகும் அட்டைக்காகக் காத்திருந்தார். சீட்டாட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது என்பவர்கள் ஒருமுறை பிரிட்ஜ் போட்டியை வந்து பார்க்க வேண்டும். முப்பது மேஜை போட்ட மண்டபத்தில் நூற்றிருபது பேர்; ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. ஏலத்தைக்கூட வாயால் கேட்கக் கூடாது, பெட்டியிலிருந்து அட்டையை உருவி மேஜைமேல் வைக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் ஜோடி. அவர் கையில் என்ன சீட்டு என்பதை அந்த அட்டைகள் மட்டுமே சொல்லலாம். பெருமூச்சு, புருவம், இருமல் எல்லாம் குற்றம்; குறிப்பைப் பார்த்து ஆடுவதும்தான்.

கண்ணாடிக்கடைக்காரர் மேஜைமேல் வைத்திருந்தது 'இரண்டு கிளாவர்' அட்டை. என்னிடம் ரொம்பப் பெரிய கை இருக்கிறது, ஏலத்தைப் பாதியில் நிறுத்திவிடாதே என்று அர்த்தம். கிளாவருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆட்டம் பழகும் முதல் வாரத்திலேயே மண்டையில் ஏற்றிவிடும் பாடம் அது. பதினாலு வருஷத்துக்கு முன்னால், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அவர் மண்டையில் அதை ஏற்றியதே அத்தான்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆடி, எத்தனையோ போட்டிகளில் மண்ணைக் கவ்வி, இன்றுதான் முதல் தடவையாகக் கடைசிச் சுற்று வரை வந்திருந்தார்கள்.

மத்தியானம் கை கழுவுகிற இடத்தில் அத்தானின் மூக்குக் கண்ணாடி நழுவி நழுவி விழுந்தது. தொழில் பழக்கம், சட்டைப் பையில் எப்போதும் சின்னத் திருப்புளி இருக்கும். "கொடுங்க அத்தான்" என்று வாங்கி முடுக்கிவிட்டுத் திருப்பி நீட்டினார். வாங்க நீண்ட இடது உள்ளங்கையில் நீல மையில் பொடிப்பொடியாக இரண்டு வரி. சர்வேயர் எழுத்து, கோடு போட்ட மாதிரி. '2 கிளாவர் – பெரிய கை, நிறுத்தாதே.' அதன் கீழே, 'வண்டி – பின் கேட், மூன்றாம் தூண்.'

முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. சிரிப்பு உதட்டுக்கு வருமுன் முதுகு சில்லிட்டுப் போயிற்று. முப்பத்தைந்து வருஷம் ஊர் ஊராக நிலம் அளந்த மனிதர். எந்த எல்லைக்கல் எந்த வேலிக்குப் பின்னால் புதைந்திருக்கிறது என்று காகிதம் பார்க்காமல் சொல்வார். போன மாதம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரே கதையை இரண்டு தரம் சொன்னாரே, அக்காகூட "வயசாச்சுல்ல" என்று கேலி பண்ணினாளே என்பதெல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றன. அத்தானிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

இப்போது அத்தானின் இடது கை மெல்ல மேஜைக்கு அடியில் போனது. தலை லேசாகக் குனிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தன் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஆஸ் எது, ராஜா எது என்று ஒன்றும் கண்ணில் படவில்லை.

அத்தானுக்குப் பக்கத்தில் எதிர் ஜோடியாக உட்கார்ந்திருந்த வக்கீலம்மா கையைத் தூக்கினார். "நடுவர்!"

நடுவர் சத்தமில்லாத செருப்போடு வந்து நின்றார்.

"இவர் உள்ளங்கையில என்னமோ எழுதி வச்சிருக்கார். பாத்துப் பாத்து ஆடுறார். இதோட மூணாவது தடவை" என்றார் வக்கீலம்மா.

"கையைக் கொஞ்சம் காட்டுங்க ஐயா."

அத்தானின் விரல்கள் மூடிக்கொண்டன. முகத்தில் ரத்தமே இல்லை. அவர் நிமிர்ந்து எதிரே பார்த்தார். ஜோடியின் முகத்தைப் படிக்கக் கூடாது என்று பதினாலு வருஷமாகப் பழகியவர் கண்ணாடிக்கடைக்காரர். அன்றைக்குப் படிக்காமல் இருக்க முடியவில்லை. சொல்லிடாதே என்று அந்த முகம் கெஞ்சியது. ஒரு வார்த்தை போதும். இது திருட்டு இல்லைங்க, மறதி, கையைப் பாருங்க, குழந்தைக்குக்கூடத் தெரிந்த பாடம் என்று சொன்னால் நடுவரே தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். பிறகு நூற்றிருபது பேருக்கும் தெரிந்துவிடும். அக்காவுக்கும் தெரிந்துவிடும். கண்ணாடிக்கடைக்காரர் தன் சீட்டுகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"காட்ட வேண்டியதில்லைங்க" என்றார் அத்தான். மண்டபம் முழுக்கக் கேட்டது. "குறிப்புதான். காப்பியடிச்சேன். இவனுக்கு இது தெரியாது, நான் மட்டுந்தான்."

"நெசமாவா ஐயா?" நடுவருக்கே நம்ப முடியவில்லை. அத்தானைப் பலகாலமாகத் தெரிந்தவர்.

"ஆமாங்க. ஜெயிக்கணும்னு ஆசை."

வக்கீலம்மாகூடத் தலையைக் குனிந்துகொண்டார். நடுவர் சீட்டுகளை வாங்கிக்கொண்டு இருவரையும் எழுந்துகொள்ளச் சொன்னார். இனி எந்தச் சீட்டாட்ட மன்றத்திலும் இவர்களை மேஜைக்குச் சேர்க்க மாட்டார்கள். மேஜை மேஜையாகத் தலைகள் திரும்ப, அத்தான் முன்னால் நடந்தார். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது.

வெளியே வெயிலில் கண் கூசியது. வரிசை வரிசையாக வண்டிகள். படிக்கட்டின் கீழே அத்தான் நின்று, மறைவாக உள்ளங்கையை விரித்தார். வியர்வையில் கரைந்து வெறும் நீலத் தீற்றலாக இருந்தது. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"நீ முன்னால போ மாப்ளே. நான் ஷூ லேஸைக் கட்டிட்டு வரேன்."

அவர் போட்டிருந்தது செருப்பு.

கண்ணாடிக்கடைக்காரர் நகரவில்லை. "எங்க நிறுத்தினோம்னே எனக்கு ஞாபகம் வரலை அத்தான்" என்றார்.

அத்தான் சட்டென்று தலையைத் தூக்கினார். "உனக்குமா?"

கண்ணாடிக்கடைக்காரர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"சரி வா, தேடுவோம். எங்க போயிடப் போகுது" என்றார் அத்தான். குரலில் பழைய தெம்பு கொஞ்சம் வந்திருந்தது. பின் கேட்டுக்கு முதுகைக் காட்டி, முன் வரிசையை நோக்கி நடந்தார். கண்ணாடிக்கடைக்காரரும் கூடவே போனார். ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் அத்தான் நின்று, கையை நீட்டிச் சாவியின் பொத்தானை அழுத்தி, வண்டி கூவுகிறதா என்று தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார்.