தகரத்தின் மேல் மஞ்சள் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை பூரணி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது தோட்டத் தொழிலாளர் லயத்துக் கூரை கிடுகிடுத்தது. காற்று இல்லை. ஹெலிகொப்டர். மலையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தாழப் பறந்து, திரும்பி, அடுத்த வரியில் வந்தது. தேயிலைக் கொழுந்தெடுக்க நிரை பிடிப்பது போல, ஓர் இடத்தையும் விடவில்லை.

"மந்திரி வாறாரு போல" என்றார் பக்கத்து ஒற்றையறைக் காம்பராவில் இருக்கும் அழகுமுத்து.

"இப்ப எலக்‌ஷன் இல்லியே மாமா."

"அப்ப வழி தவறித்தான் வந்திருப்பாரு."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். பூரணியின் கணவன் ஜீவராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

ஆடிக் காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்க எல்லாக் கூரையிலும் கல்லோ பழைய டயரோ கிடக்கும். பத்து நாட்களுக்கு முன் தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானில் ஜீவராஜுக்கு ஒரு மஞ்சள் பெட்டி கிடைத்தது. சின்னதுதான், ஆனால் நல்ல கனம். பூட்டை உடைத்தான். உள்ளே பளபளவென்று ஒரு கம்பித் துண்டு. விரலால் இழுத்துப் பார்த்தான். உதவாது என்று பாதி உள்ளே தள்ளிவிட்டு, அதிகம் அடித்துக்கொண்ட தகரத்தின் மேல் பெட்டியை ஏற்றி வைத்தான். அதற்கு நேர் கீழேதான் மகள் சுலக்ஷனாவின் பாய். அதன்பிறகு தகரம் அடிக்கவில்லை. பூரணிக்கும் அது நிம்மதியாகவே இருந்தது.

மூன்று நாட்களுக்கு முன் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று சிங்களத்தில் அறிவித்துக்கொண்டே போனது. அவளுக்குப் பிடிபட்டது இரண்டு சொற்கள்தான்: 'கஹ பெட்டிய'. மஞ்சள் பெட்டி.

"நம்ம கூர மேல வச்சதத்தாங்க தேடுறாங்க."

"வாயத் தொறக்காத. திருடன்னு போலிஸ்ல புடிச்சிக் குடுத்து, தோட்டத்துல காம்பராவையும் புடுங்கிருவாங்க. புள்ளையோட எங்க போவ?"

ஜீப் அறிவித்த அவசரத்தில் ஏதோ ஆபத்து என்று பயந்து, அவள் தினமும் மகளின் பாயை அடுப்புப் பக்கமாக இழுத்துப் போட்டாள். ஆனால் இருப்பது ஒரே அறை. எங்கே இழுத்தாலும் அதே கூரை.

மதியத்துக்குள் ஒரு வேன் லயத்தை ஒட்டி ஊர்ந்து வந்தது. உள்ளேயிருந்த கருவி விடாமல் கத்தியது. இறங்கிய அரசாங்க அதிகாரி கேதீஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரர்.

"எல்லாரும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு கோயிலடிக்குப் போங்கோ. குழாய் ஒட்டினது சரியோ எண்டு சோதிக்கிற பெட்டி ஒண்டு தொலைஞ்சு போச்சு. அதிலயிருந்து கதிர் வருது. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. ஆனா உடம்பைத் தின்னும். இந்த லயத்திலதான் கிடக்கு. எங்கயெண்டு தெரிஞ்ச ஆள் சொல்லுங்கோ."

கேதீஸ்வரி ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஆருக்காவது விரல் நெருப்புச் சுட்ட மாதிரிக் கொப்பளிச்சிருக்கோ?"

ஜீவராஜ் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டதைப் பூரணி பார்த்தாள். பூச்சி மருந்து பட்டது என்று நேற்றுச் சொன்ன கை. தொட்ட விரலே அப்படியென்றால், பத்து நாள் அதன் கீழே படுத்த பிள்ளை?

"எங்க கூரையிலதாங்க இருக்கு" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "இவரு கைய மொதல்ல பாருங்க. புள்ளையையும் பாருங்க."

"பூரணி!" என்றான் ஜீவராஜ்.

"காம்பரா போனா போகட்டுங்க."

இரண்டு பேர் நீண்ட இடுக்கியோடும் ஈயப் பானையோடும் ஏணியில் ஏறினார்கள். கேதீஸ்வரி சுலக்ஷனாவைத் தானே தூக்கி வேனில் இருத்தினார். "உங்கள் மூண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம். உடனே சொல்லியிருக்கலாமே அம்மா?"

"நீங்க உடனே சொன்னீங்களா?"

கேதீஸ்வரி தலை குனிந்தார். "தொலைச்ச கொம்பனி எங்களுக்கே ஒரு கிழமை, முழுசா ஏழு நாள் கழிச்சுத்தான் சொன்னது. நாங்களும் தமிழில சொல்லேல்ல."

பூரணி மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க பேரு கெட்டுருமின்னு ஒரு கிழம மறச்சாங்க. நாங்க காம்பரா போயிருமின்னு மூணு நாள் மறச்சோம். ஆபத்துன்னு தெரிஞ்சா அந்த நிமிசமே வாயத் தொறக்கணுமுங்க, எல்லாருக்கும் புரியிற பாஷையில. ரெண்டு பக்கமும் பயந்து மறச்சது, பத்து நாளா எம்புள்ள தலைக்கு மேலதானுங்க இருந்திச்சு."