கரையில் ஏழு நாள்

ஆரோக்கியசெல்விக்குத் திருமணமாகி எட்டு ஆண்டுகள் நிறைந்தும் மடியில் ஒரு குழந்தை இல்லை. அவள் கணவன் மத்தியாஸ், போர்ட் பிளேயரிலிருந்து நிக்கோபார்த் தீவுகளுக்குப் போய்வரும் அரசுக் கப்பலில் சுக்கானியாக இருந்தான். இருபத்தொரு நாள் கடல், ஏழு நாள் கரை. அவர்கள் இல்லறம் அந்தக் கணக்கில்தான் நடந்து வந்தது.

அவளுக்கு வயது முப்பத்து மூன்று. ஆஸ்பத்திரியிலிருந்த வங்காளத்து லேடி டாக்டர் இருவரையும் சோதித்துப் பார்த்து, பெரிய குறை எதுவும் தென்படவில்லை, ஆனால் செல்வியின் மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். இனியும் காலத்தைத் தள்ளிப் போடுவது நல்லதன்று என்று அவர் அந்தமான் இந்தியில் மெல்லச் சொன்னது, செல்வியின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

அப்போதுதான் அடுத்த வீட்டுப் பெண்ணொருத்தி, சௌல்தாரி என்ற சிற்றூரில் நீலாவதி என்னும் அம்மாள் சீன முறையில் ஊசி குத்தி வைத்தியம் செய்வதாகச் சொன்னாள். நீலாவதி ரங்கூனில் ஒரு சீன வைத்தியரிடம் பன்னிரண்டு ஆண்டுகள் உதவியாளாக இருந்தவள். பர்மாவை விட்டுக் கப்பலேறி வந்த குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. வாரம் முழுவதும் கத்தரிக்கும் வெண்டைக்கும் நீர் பாய்ச்சுவாள். சனிக்கிழமை மட்டும் ஊசிப் பெட்டியைத் திறப்பாள்.

செல்வி சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனாள். வந்த காரியத்தைக் கேட்டறிந்த நீலாவதி, ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"மாத்திரையை நிறுத்திட்டு வந்தியா, நிறுத்தாம வந்தியா?"

"நிறுத்திட்டேன்க்கா. ரெண்டும் சேந்தா சூடுன்னு சொன்னாவ."

"சொன்னவ எந்த ஆஸ்பத்திரியில டாக்டரா இருக்கா? போ, போய் மாத்திரையை முழுங்கு. ஊசி போட்டுக்கலாமான்னு அந்த டாக்டரம்மாவையே கேட்டுட்டு வா. அவங்க வேண்டாம்னா இந்தப் பக்கம் வராதே."

வைத்தியம் நாடி வந்த இடத்தில் வசவு கிடைத்ததே என்று செல்விக்குக் கண் கலங்கிற்று. ஆயினும் போய்க் கேட்டாள். டாக்டர் சற்று யோசித்தார். கல்கத்தாவில் இப்படி ஒரு வைத்தியம் நடப்பதைத் தாம் கேள்விப்பட்டிருப்பதாகவும், ஊசிகளை நன்றாகக் கொதிக்க வைப்பதானால் தமக்குத் தடையில்லை என்றும், மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

மயிரிழை போன்ற ஊசிகள். தொப்புளுக்குக் கீழே இரண்டு, முழங்காலுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்று, கணுக்காலின் உட்புறத்தில் ஒவ்வொன்று. வலி என்று சொல்வதற்கில்லை. குத்திய இடம் முதலில் கனக்கும். பிறகு உள்ளே எறும்பு ஊர்வது போலிருக்கும். மாசிப்பத்திரி இலையைக் காயவைத்துச் சுருட்டிக் கொளுத்தி, அந்தத் தணலை வயிற்றுக்கு மேலே எட்டப் பிடித்துச் சூடு காட்டுவாள் நீலாவதி. முதல் நாளே செல்வி அப்படியே உறங்கிப் போனாள். அயலார் வீட்டில், பட்டப்பகலில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத உறக்கம். அதற்காகவே அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றிற்று அவளுக்கு.

மூன்று மாதம் சென்றது. மாத்திரையோ, ஊசியோ, அந்த உறக்கமோ, எது செய்ததோ, தாறுமாறாக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு ஒரு ஒழுங்குக்கு வந்தது. ஆனால் கரு மட்டும் தங்கவில்லை. நான்கு, ஐந்து, ஆறு என்று மாதங்கள் கழிந்தன. செல்வி மனம் தளர்ந்துவிட்டாள்.

ஏழாம் மாதம் நீலாவதி, விலக்கு ஒழுங்காக வருகிறதா என்று வழக்கம்போல் கேட்பதோடு விடாமல், எப்போது விலக்கானாய் என்று கேட்டாள். அந்தத் தீவுகளில் கடிதம் வருவதும், வெங்காயம் வருவதும், ஊருக்குப் போவதும் கப்பலை வைத்துத்தான். தேதி பார்த்துப் பேசுகிறவர் குறைவு. செல்வியும் அப்படியே சொன்னாள்.

"கப்பல் வாரதுக்கு மொத நாளுக்கா."

ஊசியை எடுத்த கை நின்றது. "போன மாசம்?"

"அதுவும் மொத நாளுதான்."

"அதுக்கு முந்தி?"

"அப்பவும் கப்பலை ஒட்டித்தான். ஒரு நா முன்னப்பின்ன இருக்கும்."

நீலாவதி ஊசியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, விரற்கணுக்களில் எண்ணலானாள். ஒருமுறை எண்ணினாள், பின்னும் ஒருமுறை எண்ணினாள்.

"உன் வீட்டுக்காரரு கரையில ஏழு நாளு. அதுல பாதி நீ ஒதுங்கி இருக்கே. மாசத்துல கரு தங்கக்கூடியது நடுவுல ஒரு சில நாளு. அந்த நாள்ல மனுஷன் கட்சால் தீவுக்குத் தெக்கால சுக்கான் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. நானும் ஏழு மாசமா உன்னைக் குத்திக்கிட்டு இருக்கேன் பாரு."

செல்விக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தனக்குத் தெரிந்தது அரைகுறைதான், டாக்டரிடம் போய்க் கேள் என்று நீலாவதி சொல்ல, அவள் டாக்டரிடம் போனாள். டாக்டர் காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். இத்தனை காலமும் விலக்கு ஒழுங்கில்லாதிருந்ததால் நாள் கணிக்க இடமில்லை, இப்போது கணிக்கலாம், நீலாவதி சொன்னது சரியே என்றார். கணவனை மூன்று மாதம் கரையில் இருக்கச் செய் என்றார்.

மத்தியாஸ் வந்ததும் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"டூட்டி மாத்தணும்னா காரணம் எழுதணும்ளா. என்னன்னு எழுத? ராஜமாணிக்கம் வாயில விழுந்தா கப்பல் பூரா சிரிக்கும்."

ராஜமாணிக்கம் கப்பல் ஆபீசில் டூட்டி போடும் கிளார்க். அவர் நாக்குக்குத் தப்பியவர் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் ஒருவருமில்லை. மத்தியாஸ் எழுதாமலே கப்பலேறிப் போய்விட்டான். செல்வி அவன்மேல் கோபப்படவில்லை. கப்பல் மறையும்வரை ஜெட்டியில் நின்றவள், வீட்டுக்குத் திரும்பாமல் நேரே அந்த ஆபீசுக்குள் நுழைந்தாள்.

ராஜமாணிக்கம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சுக்கானி இப்போதுதானே புறப்பட்டார், அதற்குள் காணாமல் போய்விட்டாரா என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். செல்வி மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"ஐயா, எங்களுக்குப் பிள்ளை இல்ல. அவிய மூணு மாசம் கரையில இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லுதாவ. அவிய கேக்க வெக்கப்படுதாவ. அதான் நான் வந்தேன்."

ராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்துபோய்ச் சுவரிலிருந்த பலகையைப் பார்த்தார். துறைமுகப் படகில் வேலை செய்யும் அல்போன்ஸ், கட்சால் ரப்பர்த் தோட்டத்திலுள்ள தன் தம்பியைப் பார்க்க நிக்கோபார் டூட்டி கேட்டுக்கொண்டே இருப்பதாகவும், அவனை அங்கேயும் மத்தியாஸை இங்கேயும் மாற்றிவிடலாம் என்றும் சொன்னார்.

"காரணம் எழுதுற இடத்துல குடும்பக் காரணம்னு எழுதச் சொல்லும்மா. அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

பிறகு அவர் பக்கத்து மேசைகளை ஒரு பார்வை பார்த்தார். அதன்பின் இந்தப் பேச்சு அந்த அறையைவிட்டு வெளியே வரவே இல்லை.

அடுத்த முறை கப்பல் கட்டியதும் மத்தியாஸ் அப்படியே எழுதிக் கொடுத்து இறங்கினான், அல்போன்ஸ் ஏறினான். இரண்டாம் மாதம் செல்விக்கு நாள் தள்ளிற்று. சௌல்தாரிக்கு ஓடினாள். நீலாவதி அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி ஊசி கிடையாது, ஆஸ்பத்திரியோடு நில் என்றாள். எல்லாம் உங்களால்தான் என்று காலில் விழப் போனவளை அவள் தடுத்தாள்.

"என் ஊசி உனக்குத் தூக்கம் குடுத்துச்சு. அதுக்கு மேல என்ன செஞ்சுதுன்னு எனக்கே தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல என் வாத்தியாரு கத்துக்குடுக்கலை."

மறு ஆண்டு செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை கலைந்து எல்லாரும் போய்விட்ட பின்னும் அவள் கோவிலில் முழந்தாளிலேயே இருந்தாள். மத்தியாஸ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"என்னளா, கோயிலைப் பூட்டப் போறாவ."

"இருங்க. இன்னும் முடியல."

டாக்டரம்மாவுக்காக ஆண்டவரிடம் வேண்டியாயிற்று. நீலாவதி, ராஜமாணிக்கம், கட்சாலில் தம்பியைக் கண்டு திரும்பிய அல்போன்ஸ் ஆகியோருக்காகவும் வேண்டியாயிற்று. ரங்கூனில் நீலாவதிக்கு ஊசி பிடிக்கக் கற்றுக் கொடுத்த அந்தச் சீன வைத்தியர் நினைவு அப்போதுதான் வந்தது. அவர் பெயரைச் செல்வி ஒருநாளும் கேட்டதில்லை. உயிரோடிருக்கிறாரோ இல்லையோ, அதுவும் தெரியாது. பெயரில்லாமல் ஒருவருக்காக வேண்டிக்கொள்வது அவளுக்கு அரைகுறையாகப் பட்டது.

எழுந்து, குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில சௌல்தாரி பஸ்ஸுக்குப் போணுங்க. ஒரு பேரு கேக்கணும்."